அவர் பேர் இருந்த இடம்

என் வீட்டுக்காரர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் எத்தனையோ தடவை எழுதியவள்தான். வாயால் சொல்வதுதானே கூடாது, எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததும் கை கூசுகிறது. 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் பாதிப் பெண்களுக்குப் புருஷன் பெயர் 'அவர்'தான். யாரும் அதனால் குழம்பிப்போனதாகத் தெரியவில்லை.

அவர் கரண்டு ஆபீஸில் லைன்மேன். குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கத்துப் பம்புசெட் லைன்கள் அவர் பாடு. ஊரில் சிறிசு பெரிசு எல்லாருக்கும் அவர் 'லைன்மேன் அண்ணாச்சி'. பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய அம்மா ஒருத்திதான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே அந்த அம்மா இறந்துபோனார்கள். பிறகு நான் வந்தேன், நான் 'ஏங்க' என்றேன். பிள்ளை பிறந்திருந்தால் அதன் பெயரோடு 'அப்பா' சேர்த்தாவது கூப்பிட்டிருப்பேன், அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. ஆக, சம்பளப் பட்டுவாடா அன்றைக்கு ஆபீஸில் கிளார்க் கூப்பிடுவதைத் தவிர அவர் பெயர் இந்த உலகத்தில் எங்கேயும் சத்தமாக ஒலிக்கவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கப்படி கல்யாணத்தில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குருவானவர் சொல்லிக்கொடுக்க நானும் சொன்னேன். எனக்கே கேட்டதா என்பது சந்தேகம். அதை வைத்து ஆயுள் முழுக்கச் சீண்டினார்.

"ஏட்டி, நீ அன்னைக்கு எம் பேரச் சொல்லவே இல்ல. உதட்ட மட்டும் அசைச்ச. நம்ம கல்யாணம் செல்லுமான்னு சர்ச் ஐயர்ட்ட ஒருநா கேக்கணும்."

"கேளுங்க. செல்லாதுன்னு சொல்லிட்டா சோறு யாரு பொங்குவான்னும் சேத்துக் கேட்டுட்டு வாங்க."

சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு கேள்வி உண்டு என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லேன் என்று நேராகக் கேட்கிற ஆள் இல்லை அவர். சொல்லிவிடுகிற ஆள் இல்லை நான்.

நான் எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர். வாய்தான் என் பிழைப்பு. அந்த வாய் ஒருநாள் வகுப்பில் நின்றது. எழுபதுகளின் கடைசி அது. வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த பெயரைப் பார்க்கிறேன், எழுத்து தெரிகிறது, பிள்ளை முகமும் தெரிகிறது, சொல் வரவில்லை. பிள்ளைகள் நான் கோபத்தில் முறைக்கிறேன் என்று நினைத்து மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தன. எனக்குக் கிடைத்த அமைதியான வகுப்பு அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி நின்றது. அதற்கடுத்த முறை வலது கை வெட்டி இழுத்துக் கீழே விழுந்தேன்.

எதிர்வீட்டு அக்கா, எந்த நோய்க்கும் ஊரில் பூசுகிற கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "டீச்சர், உங்க சாமி கோவிச்சிக்கிடாது, பூசிக்கோங்க" என்று நெற்றியில் அப்பினாள். அவர் தடுக்கவில்லை. எங்கள் சபை ஜெபமும் அவளுடைய புற்றுமண்ணுமாக என்னைச் செங்கோட்டை வண்டியில் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் மருந்து ஏற்றித் தலையைப் படம் எடுத்தார்கள். இடது பக்கம் கட்டி.

டாக்டர் எங்களைவிடச் சின்ன வயசு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பொறுமையாகச் சொன்னார். கட்டி மெதுவாக வளர்கிற ஜாதி, எடுத்துவிடலாம். ஆனால் அது இருப்பது பேச்சு இருக்கிற பக்கத்தில். பேச்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது, ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மண்டையைத் திறந்தபிறகு என்னை முழித்திருக்கச் செய்வார்கள். மூளையில் இடம் இடமாகச் சின்னக் கரண்டு வைத்துத் தொடுவார்கள். தொட்ட இடத்தில் பேச்சு நின்றால் அது பேச்சு இருக்கிற இடம், அதை வெட்டமாட்டார்கள்.

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லியிருக்கலாம், லைன்மேனிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வெளிறிப்போனது.

"எத்தன வோல்ட்டு டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "டார்ச் பேட்டரி அளவுகூட வராதுங்க."

"எர்த் எங்கன குடுப்பீங்க?"

அதற்கும் டாக்டர் பதில் சொன்னார். இவருக்குத் திருப்தியாகவில்லை. வராந்தாவில் வந்து, "வீட்டுக்குப் போயிருவமாட்டி?" என்றார். கம்பத்தில் ஏறும்போது பயப்படாத மனுஷன். நான் அன்றைக்குத்தான் அவர் கையைப் பொது இடத்தில் பிடித்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் பேச்சை அளந்து பார்த்தார்கள். ஒரு லேடி டாக்டர் படம் வரைந்த அட்டைகளைக் காட்டுவார், "இது பூட்டு", "இது குடை" என்று நான் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சில அட்டைகள் எந்த ஊரில் அச்சடித்ததோ, புகைபோக்கி வைத்த ஒரு வீட்டைப் பார்த்து நான் சர்ச் என்றேன். பிறகு பெயர்கள் கேட்டார். என் பெயர், ஊர், பள்ளிக்கூடம், அப்பா பெயர் எல்லாம் சொன்னேன். "வீட்டுக்காரர் பேரு?"

அவர் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன்.

"சொல்லுங்கம்மா. பேரு?"

நான் அவரைப் பார்த்தேன். நீங்களே சொல்லிவிடுங்களேன் என்கிற பார்வை. பெண்கள் வங்கியிலும் கோர்ட்டிலும் பார்க்கிற அதே பார்வை. லேடி டாக்டர் அவரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு மறுபடி கேட்டார், மறுபடி கேட்டார். பிறகு எதையோ குறித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ரொம்ப நெருங்கின பேரே அவங்களுக்கு வரலை. அந்தப் பகுதியைக் கட்டி ஏற்கெனவே தின்னுடுச்சுன்னு நினைக்கிறோம். அப்படின்னா அங்கே காப்பாத்த ஒண்ணுமில்லை, தாராளமா எடுத்துடலாம்."

இவர் முதலில் புரியாமல் நின்றிருக்கிறார். புரிந்ததும் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தியிருக்கிறார். "அய்யோ டாக்டர், வெட்டிராதீங்க! அவளுக்கு எம் பேரு தெரியும். சொல்லமாட்டா, அவ்வளவுதான்!"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். அவருடைய சொந்த அம்மாவே அப்படித்தானாம். நான் படித்தவள், டீச்சர், சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் அந்த நினைப்பே வரவில்லையாம்.

லேடி டாக்டர் மறுபடி வந்தார். நான் என் வீட்டுக்காரரை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். அதற்குப் பிறகு சொன்னேன். கதவைத் திறந்தபோது அவர் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணும் கேக்கல" என்றார் வருத்தமாக.

எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. எல்லா வார்த்தையும் நான் தினமும் புழங்குகிற வார்த்தை, அதற்கென்று மூளையில் இடம் பழகியிருக்கும். சொல்லாமலே வைத்திருக்கிற பெயருக்கு எங்கே இடம் இருக்கும்? ஒரு மூலையில் கிடக்கும், யாருக்கும் தெரியாமல் கட்டியோடு வாரிக்கொண்டு போய்விடுவார்கள். பேச்சு முழுக்கப் போனாலும் போகட்டும், அது போய்விடக் கூடாது என்று நினைத்தேன். பேச்சை விற்றுப் பிழைக்கிற டீச்சர் இப்படி நினைத்தது எனக்கே ஆச்சரியம். மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், அந்தப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பார்ப்பீர்களா என்று. டாக்டர் சிரிக்கவில்லை. "போட்டோ இருக்கா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பர்ஸில் இருந்த அவருடைய பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நினைவு துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஊசி போட்டுத் தலைத்தோலை மரக்க வைத்தார்கள். துளை போடுகிற சத்தம் பல்லுக்குள்ளேயே லாரி ஓடுகிற மாதிரி இருந்தது. பிறகு சத்தம் நின்றது. முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரி கட்டியிருந்தார்கள். அதற்குள் லேடி டாக்டரும் நானும் அட்டைகளும். மூளைக்கு வலியே தெரியாது என்று சொல்லியிருந்தார்கள், அது உண்மைதான். பின்னால் யாரோ என்னைத் திறந்து வைத்திருக்கிறார்கள், முன்னால் நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி படம் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இது சாவி. இது மீன். இது..."

விளக்குப் படம். விளக்கை எனக்குத் தெரியும். அது எரியும், எண்ணெய் ஊற்றுவோம், எல்லாம் தெரியும். "இது, இது" என்று நாக்கு திரும்பத் திரும்ப வந்து நின்றது. 'கரண்ட எடுத்தாச்சு' என்று பின்னாலிருந்து குரல். "விளக்கு" என்றேன் உடனே. அந்த இடத்தில் நம்பர் எழுதிய சின்னக் காகிதத் துண்டை வைத்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். இப்படி ஒவ்வொரு இடமாகத் தொட்டு, பேச்சு நின்ற இடத்திலெல்லாம் காகிதம் வைத்து, என் மூளைமேல் ஒரு ஊர்ப்படம் போட்டார்கள்.

கடைசியில் அவர் போட்டோ. "இது யாரு?"

சொன்னேன். முதல் தடவை மெதுவாக. "கேக்கலைம்மா, சத்தமா" என்றார் பின்னாலிருந்து டாக்டர். சத்தமாகச் சொன்னேன். போட்டோவை மறைத்து மறைத்துக் காட்டினார்கள், ஒவ்வொரு தடவையும் சொன்னேன். முகம் தெரியாத அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லச் சொல்லக் கூச்சம் போய் எனக்கு ஒரு சந்தோஷம் வந்துவிட்டது.

ஒரு தடவை வரவில்லை. அந்த முகம் எதிரே இருக்கிறது, முன்பல்லில் இருக்கிற இடைவெளிகூடத் தெரிகிறது, பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லேடி டாக்டர் துடைத்துவிட்டார்.

"அழாதீங்க. அவர் இங்கேதான் இருக்கார்" என்றார் டாக்டர். "இந்த இடத்தைத் தொடமாட்டேன்."

தொடவில்லை. அந்தக் காகிதத் துண்டுக்கு ஒட்டினாற்போல் இருந்த கட்டியில் கொஞ்சத்தை அப்படியே விட்டுவிட்டார். முழுக்க எடுக்க முடியவில்லை, மிச்சம் இருக்கிறது, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிற்பாடு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

கண் விழித்தபோது வார்டில் இருந்தேன். தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தேன். அவர் பெயர் வந்தது.

கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே வேறு யாரும் நிற்கிறார்களா என்று. பிறகு என்னைப் பார்த்தார். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டே, "இந்தா வாரேன்" என்றார்.

மூளை வீங்கியிருந்ததால் பேச்சு முழுக்க அடைபட்டிருந்தது. அந்த ஒரு சொல்தான் மிஞ்சியது. பசித்தால் அவர் பெயர், வலித்தால் அவர் பெயர், ஜன்னலைச் சாத்த அவர் பெயர். எனக்கு வேண்டியது ஒன்று, வாயில் வருவது இது. ஆத்திரத்தில் கட்டிலைத் தட்டுவேன், அதற்கும் கூடவே அதே பெயர் வரும். அவருக்கு எப்படியோ எல்லாம் புரிந்தது. நர்ஸ் பெண் ஒருத்தி, "அண்ணாச்சி, எதுக்கெடுத்தாலும் உங்களையே கூப்பிடுறாங்களே" என்பாள். இவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "என்ன செய்ய, அவளுக்கு வேற வரமாட்டேங்கு" என்பார். முகத்தில் மட்டும் திருவிழா.

வேண்டுமென்றே வராந்தாக் கோடிக்குப் போய் நிற்பார். நான் கூப்பிடுவேன். அந்தக் கோடியிலிருந்து, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "இந்தா வாரேன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார். நோயாளிகளுக்குக்கூட அவர் பெயர் மனப்பாடமாகிவிட்டது.

பிறகு வார்த்தைகள் வந்தன. முதலில் 'தண்ணி'. அப்புறம் 'வலிக்கி', 'போதும்'. ஒருநாள் காலையில் நான் தெளிவாக, "ஏங்க" என்றேன். நர்ஸ் கை தட்டினாள். டாக்டரை ஓடிப்போய் அழைத்து வந்தாள். என் வீட்டுக்காரர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர்," என்றார் திரும்பாமலே, "இவ்வளவு சீக்கிரமாவா குணமாகும்?"

"ஆமாங்க, எதிர்பார்த்ததைவிட நல்ல முன்னேற்றம்" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார்.

ஊருக்கு வந்த பிறகும் களைத்துப்போனால் வாய் தவறும். குழாயடியிலிருந்து ஒருநாள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். "பாவம், டீச்சருக்குத் தல இன்னும் சரியாகல" என்று எதிர்வீட்டு அக்கா கண் கலங்கினாள். அது பள்ளிக்கூடம் வரைக்கும் போய், தலைமையாசிரியை என்னைப் பார்க்க வந்தார். வகுப்பெடுக்கும் அளவுக்கு நான் தேறிவிட்டேனா என்று சோதிக்கத்தான். அவர் காபி குடித்து முடிக்கும் வரை நான் 'ஏங்க' என்று மட்டும் பத்திரமாகக் கூப்பிட்டேன். வேலை நிலைத்தது. அன்றோடு அந்தப் பெயர் மறுபடி உள்ளே போய்விட்டது. எங்கள் தெருவில் நான் 'ஏங்க' என்றால் குணம், பெயர் சொன்னால் வியாதி.

கொல்லையில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கும் அவர் திடீரென்று அடுக்களைக்கு வருவார்.

"கூப்பிட்டியா?"

"இல்லையே."

"கூப்பிட்ட மாதிரி இருந்துது."

வருஷக்கணக்காக இதுதான். மழைக்காலத்தில் அறுந்த லைனைக் கட்டிவிட்டு நனைந்துகொண்டு வருவார், தலையைத் துவட்டும்போது கேட்பார், கூப்பிட்டியா. மல்லிகை மொட்டு வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார். நான் ஒருநாள், "நான் ரிட்டயர் ஆயிருதேன். அப்பறம் எவளும் எம் மண்டையச் சந்தேகப்பட மாட்டா. தெருக்கோடி வரைக்கும் கேக்க மாதிரி தெனமும் கூப்பிடுதேன், காது புளிச்சிரும் ஒங்களுக்கு" என்றேன்.

"எனக்குப் புளிக்காது" என்றார். அதில் விளையாட்டே இல்லை.

எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? அந்த வார்டுதான் எனக்குக் கனவில் வரும். மண்டையில் கட்டு, சோறு இறங்காது, ஒரு வாக்கியம் பேச முடியாது, ஆனாலும் அதற்குத்தான் மனசு ஏங்கும். ஒரே ஒரு சொல்லும் அதற்கு ஒரே ஒரு பதிலும் இருந்த காலம் அது.

ரிட்டயர் ஆக இன்னும் நிறைய இருந்தது. எண்பதுகளின் பாதியில் ஒருநாள் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் வேலைக்குப் போனவர், கம்பத்திலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். கரண்டு இல்லை, நெஞ்சு. ஆபீஸ் வேனில் கொண்டுவந்து நடுவீட்டில் பாயில் கிடத்தினார்கள். தெருவே திரண்டு வந்துவிட்டது. சபையார் வந்தார்கள், ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், தலைமையாசிரியையும் வந்தார்.

நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அழுகைச் சத்தம் சட்டென்று நின்றது. நான் மறுபடி கூப்பிட்டேன். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, மிச்சம் வச்ச கட்டி வளந்துட்டு போல! யாராச்சும் டாக்டரக் கூட்டியாங்களேன்!" தலைமையாசிரியை விசிறியை எடுத்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து என் உதட்டில் வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. எல்லா வார்த்தையும் இருக்கு" என்றேன். "கொஞ்சம் எல்லாரும் சத்தம் போடாம இருங்க, அவர் பதில் சொன்னா கேக்கணும்."

பிறகு அவர் காதுப்பக்கம் குனியாமல், நிமிர்ந்து உட்கார்ந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.